புள்ளி வைத்தாள், இழுக்கத் தெரியவில்லை

கும்பகோணத்து மகள்:

வீட்டுப் பெரியவர்களின் மறதி நோய் முதலில் எதில் தெரிந்தது என்று கேட்டால், சாவி, மூக்குக்கண்ணாடி தேடுவதைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கள் அம்மா அதையெல்லாம் நாற்பது வயதிலிருந்தே தேடிக்கொண்டுதான் இருந்தாள். எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது மார்கழிக் கோலம்.

15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8-ல் நிறுத்தணும். நூல் பிடித்த மாதிரி வைத்துவிட்டாள். அப்புறம் கையில் கோலப்பொடியோடு குனிந்தபடியே நின்றாள். எங்கிருந்து இழுப்பது என்று தெரியவில்லை. "கண்ணு தெரியலையாம்மா?" என்றேன். "ஆமா" என்றாள் பட்டென்று. கண்புரையும் இருந்தது, ஆபரேஷன் செய்தோம். அதிலேயே ஒரு வருஷம் போயிற்று.

பிறகு வளையலைக் காணோம் என்று வேலைக்கு வரும் அக்கா மேல் பழி. அரிசி டின்னுக்குள் கிடைத்தது. "அவதான் ஒளிச்சு வச்சிருக்கா" என்றாள். அந்த அக்கா நின்றுவிட்டார்.

நரம்பியல் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொன்னார். எண்கள் எல்லாம் வலது பக்கமே நெருக்கியடித்து நின்றன. எனக்குக் கோலம் ஞாபகம் வந்தது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், பேர் நினைவுக்கு வர நேரமாகும், ஆனால் வந்துவிடும். ஐம்பது வருஷம் செய்த வேலையில் அடுத்த படி தெரியாமல் நிற்பதை வயதின் கணக்கில் தள்ளக் கூடாது என்றார். ஸ்கேனில் மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருந்தது. புதிய நினைவுகள் பதிய அதுதான் வேண்டும். அதனால்தான் காலையில் தின்ற இட்லி மறந்துபோகிறது, 1971-ல் கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களை மட்டும் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறாள்.

அப்பா போய் ஆறு வருஷம். சாயங்காலமானால் "அப்பா இன்னும் வரலையேடி". முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் செத்த மாதிரி அழுதாள். இப்போது "கடைத்தெருவுக்குப் போயிருக்கார்மா" என்கிறேன்.

சீட்டுக்கச்சேரி:

எங்கள் பெரியப்பாவும் தெரு முனையிலேயே வழி தெரியாமல் நின்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் பி12 அதலபாதாளத்தில். சுத்த சைவம், சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை வேறு, அதுவும் பி12-ஐக் குறைக்குமாம். ஊசி போட்டு மூன்று மாதத்தில் பழையபடி ரம்மியில் எங்களை மொட்டையடிக்கிறார். தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா மறதியும் அல்சைமர் என்ற மறதி நோய் இல்லை.

பழைய நர்ஸ்:

சந்தேகத்தை யாரும் நோயாக எண்ணுவதில்லை. இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர் 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் பார்த்த நோயாளி ஆகுஸ்டே டீட்டருக்கு வயது 51. அவரிடம் முதலில் தெரிந்ததே கணவர் மேல் சந்தேகம்தான், மறதி அப்புறம். அந்த வேலைக்கார அக்காவைப் போய்ப் பார்த்தீர்களா?

கும்பகோணத்து மகள்:

போன வாரம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். "ஒரே மாசத்துக்கு ரெண்டு தடவை சம்பளம் குடுத்தாங்க. நாந்தான் திருப்பி அஞ்சறைப் பெட்டியில வச்சிட்டு வந்தேன்."