மவுண்ட் நிலையிலேயே பிடுங்கப்பட்ட பென்டிரைவ்: நகர்த்திய பத்திரங்கள் இரு பக்கமும் இல்லை

கேள்வி (தண்டையார்பேட்டை)

வணக்கம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்கேன் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. நான் எழுதிய ஸ்கிரிப்ட், பென்டிரைவை மவுண்ட் செய்து (அதாவது ஒரு கோப்புறையாகக் கணினியோடு இணைத்து), பிடிஎஃப் கோப்புகளை எம்வி கட்டளையால் அதற்குள் நகர்த்தும். இன்று காலை ஒரு பெரியவரின் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் நகர்த்தினேன். 'முடிந்தது' என்று திரையில் வந்த உடனே, ஷேர் ஆட்டோ காத்திருந்த அவசரத்தில், அவரே பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார். சந்தேகப்பட்டு மீண்டும் செருகியபோது பெயர்கள் இருந்தன, அளவு பூஜ்யமாக இருந்தது. கடைக் கணினியிலும் கோப்புகள் இல்லை. அசல்களை அவருடைய தம்பி அதற்கு முன்பே செங்குன்றத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார். கணினி எஸ்டிபி (sdb) என்று பெயரிட்டிருந்த பென்டிரைவ் இப்போது எஸ்டிசி (sdc) என வருகிறது. ஆனால் பழைய மவுண்ட் கோப்புறை மூன்று கோப்புகளையும் முழு அளவோடு காட்டுகிறது. எதை நம்புவது?

பதில் (பெரம்பூர்)

தம்பி, கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், பழைய மவுண்டையும் எடுக்காதீர்கள். நீங்கள் பார்ப்பது ரேமில் மிச்சமிருக்கும் பிரதியாக இருக்கலாம்.

எம்வி முடிந்தது என்றால் கோப்பு ரேமில் உள்ள இடைச்சேமிப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்றே பொருள். அங்கிருந்து பென்டிரைவில் எழுதுவதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், இயல்பான அமைப்பில், சுமார் 30 வினாடி வரை தள்ளிப்போடக்கூடும். வேறு டிஸ்குக்கு நகர்த்துவது என்பதே நகலெடுத்துவிட்டு மூலத்தை நீக்குவதுதான். அந்த நீக்கத்தை உங்கள் ஹார்ட் டிஸ்கின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை நிலையாகப் பதிந்துவிடுகிறது. ஆகவே நீக்கம் முந்திக்கொண்டது, எழுத்து பின்தங்கிவிட்டது. பழைய மவுண்ட் இன்னும் எஸ்டிபியை விடாமல் பிடித்திருப்பதால்தான் பென்டிரைவுக்குப் புதிய பெயர் கிடைத்திருக்கிறது.

வேறொரு பென்டிரைவை மவுண்ட் செய்து, பழைய கோப்புறையிலிருந்து அதற்கு நகலெடுங்கள். கடை ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். நீக்கப்பட்ட மூலம் அங்கேதான் கிடக்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் முழுமையாக வந்து, கடைசிப் பக்கம் வரை திறக்கின்றன. தாய்ப் பத்திரம் பாதியில் 'உள்ளீடு/வெளியீடு பிழை' என்று நின்றுவிட்டது.

பதில் (பெரம்பூர்)

கோப்பின் அந்தப் பகுதியை ரேம் ஏற்கெனவே விட்டிருக்கும். இப்போது கணினியை அணைத்து, லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸில்) துவக்கி, நீக்கிய கோப்புகளை மீட்கும் போட்டோரெக் மென்பொருளால் ஹார்ட் டிஸ்கில் பிடிஎஃப் மட்டும் தேடுங்கள். கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு, ஏனெனில் ட்ரிம் (காலியான இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் கட்டளை) ஓடியதும் காலியான இடம் உண்மையிலேயே அழிந்துவிடும்.

பதில் (ராயபுரம்)

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து 'விரைவு அகற்றல்' இயல்பான அமைப்பாகிவிட்டது. வெளிச் சாதனத்துக்கு எழுதும் இடைச்சேமிப்பு அதில் அணைந்திருக்கும். வீட்டில் அப்படியே பிடுங்கிப் பழகியவர், உங்கள் கடையிலும் அப்படித்தான் செய்வார்.

மாற்ற வேண்டியது ஸ்கிரிப்டை. எம்விக்குப் பதிலாக நகலெடுத்து, அன்மவுண்ட் செய்து (மவுண்டை முறையாக விடுவித்து), மறுபடி மவுண்ட் செய்து, சிஎம்பி கட்டளையால் மூலத்தோடு ஒப்பிட்டு, மீண்டும் அன்மவுண்ட் செய்த பிறகே மூலத்தை நீக்கச் சொல்லுங்கள். மறுபடி மவுண்ட் செய்யாமல் ஒப்பிட்டால் ரேமில் உள்ள பிரதியையே ஒப்பிடுவீர்கள், எப்போதும் சரியென்றே வரும். பென்டிரைவின் விளக்கு மின்னுவது நின்றதையும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். எழுத்து தொடங்காமலே அது அணைந்திருக்கலாம்.

கேட்டவர்

என்னுடையது ஹார்ட் டிஸ்க்தான். பெயரெல்லாம் போய் எண்களாக நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து தாய்ப் பத்திரத்தைக் கண்டெடுத்தேன், சொத்து விவரப் பக்கத்தின் முத்திரை வரை தெளிவாக இருக்கிறது. ஸ்கிரிப்டையும் நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். 'எடுக்கலாம்' என்ற சொல் இனி இரண்டாவது அன்மவுண்டுக்குப் பிறகுதான் திரையில் வரும்.