வியாசர்பாடில வடிகால் வேலைக்கு ‘அஜைல்’ ஒத்து வருமா?

ஓஎம்ஆர்_பையன்:
எங்க தெருவுல மழைநீர் வடிகாலுக்குன்னு இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் தோண்டி போட்டு நாலு மாசம் ஆவுது, பலகை போட்டுதான் வீட்டுக்குள்ள போறோம். எங்க சாப்ட்வேர் ஆபீஸ்ல அஜைல்னு ஒரு முறை, வேலைய சின்னச் சின்ன துண்டா பிரிச்சு முடிப்போம், ஒரு துண்டுக்கு ரெண்டு வாரம், அதுக்கு பேரு ஸ்பிரிண்ட், முடியும்போது வேலை செய்யுற மாதிரி எதுனா ஒண்ணு கையில இருக்கணும். இங்கயும் அதே மாதிரி 30 மீட்டர் தோண்டு, கட்டு, மூடு, அப்பால அடுத்த 30-ன்னு போனா இன்னா?

பழைய_சைட்காரன்:
தம்பி, அது 2001-ல 17 பேர் உக்காந்து சாப்ட்வேருக்குன்னு எழுதினது. உங்க புரோகிராம் தப்பா போனா அழிச்சிடுவீங்க, நாங்க பிரேக்கர் வெச்சு உடைக்கணும். கான்கிரீட்டுக்கு 28 நாள் பலம்தான் கணக்கு, அதுக்குள்ள உன் ஸ்பிரிண்ட் ரெண்டு முடிஞ்சிடும். அதவிட லெவல். நம்ம ஏரியா தட்டு மாதிரி கிடக்குது, தண்ணி ஓட வாட்டமே கிடைக்காது, வடிகாலோட அடிமட்டம் ரெண்டு இஞ்ச் தப்புனா தண்ணி வீட்டுப் பக்கமே திரும்பும். அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்னு சொல்ல முடியுமா?

ஓஎம்ஆர்_பையன்:
அண்ணே லெவல மாத்த நான் சொல்லவேயில்லயே! மொத்த தெருவுக்கும் லெவல் மொதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. கேப்டன் காட்டன் கால்வாய்ல தண்ணி விழுற வாயில இருந்து ஆரம்பிச்சு மேல வாங்கன்றேன். முடிஞ்ச துண்டு அடுத்த மழைக்கே தண்ணி எடுக்கும். நடுவுல துண்டு துண்டா கட்டினா அக்டோபர்ல அதெல்லாம் தொட்டிதான், கொசுதான் வளரும்.

பில்_பாஸ்_ஆவல:
நான் சப்-கான்ட்ராக்ட் எடுக்கறவன், உண்மைய சொல்றேன். முழுசா தோண்டுறது ஏன் தெரியுமா? பொக்லைன் வாடகை மணிக்கணக்குல ஓடுது, நிறுத்தி வெச்சா நஷ்டம், அதுவுமில்லாம மண் வேலைய எம்-புக்ல, அதான் முடிஞ்ச வேலைய அளந்து எழுதுற புத்தகத்துல, ஏத்தி மொத பார்ட் பில் போட்டுடலாம். பள்ளத்துல யாரோட கேபிள்னே தெரியாம ஒண்ணு குறுக்க வந்தா டீவியேஷன், அதாவது ஒப்பந்தத்துல இல்லாத மாத்தம், அதுக்கு ரிவைஸ்டு எஸ்டிமேட், மேல கையெழுத்து, மாசக்கணக்குல நிக்கும். டெண்டருக்கு இங்க 1998-லயே சட்டம் இருக்கு, போற போக்குல வேலைய மாத்திக்கோன்னா நாளைக்கு ஆடிட்ல பதில் சொல்றது யாரு, உங்க அஜைல் டீம வழிநடத்துற ஸ்க்ரம் மாஸ்டரா?

காசிமேடு_அக்கா:
கட்டடக்காரங்களுக்குன்னே ஒண்ணு இருக்குப்பா, லாஸ்ட் பிளானர்னு பேரு, பாலர்டு, ஹோவெல்னு ரெண்டு பேர் 90-கள்ல கொண்டாந்தாங்க. டெண்டர்ல கை வைக்க வேணாம். வாரா வாரம் மேஸ்திரியே இவ்ளோ முடிப்பேன்னு சொல்லணும், சொன்னதுல எத்தினி முடிஞ்சது, முடியாதது ஏன் முடியலன்னு எழுதணும், அவ்ளோதான். கேபிள் இருக்கான்னு சோதனைக் குழி ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுப் பாத்தா இவர் பில்லும் நிக்காது.

பழைய_சைட்காரன்:
காலைல 7 மணிக்கு டீக்கடையில கம்பி கட்டுறவர், சென்ட்ரிங் ஆளோட நாங்க பேசினது இதத்தான்மா, எழுதி வெக்கல, அது தப்புதான். வாயில இருந்து மேல வர்றதும் சரி, ஆனா அதுக்கு அஜைல்னு பேர் வெக்காதீங்க, வடிகால் போடுறவனுக்கு அது மொத பாடம். தம்பி, உங்க தெருவுல எங்க இருந்து ஆரம்பிச்சாங்க?

ஓஎம்ஆர்_பையன்:
மளிகைக்கடை வாசல்ல அண்ணே. தெருவுக்கு நட்டநடுவுல.