மறு: நுழைவு வளைவு நிதி – முதலில் வரத்துக் கால்வாயைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் நுழைவாயிலில் வளைவு கட்ட, சிங்கப்பூரில் இருக்கும் நாம் தலைக்கு 200 வெள்ளி தர வேண்டும் என்று நம் குழுத் தலைவர் அண்ணன் எழுதிய மடலைச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பார்த்தேன். அப்பாவின் திதிக்குப் போய் ஒன்பது நாள் ஊரில் இருந்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். பணம் தர மனமில்லாமல் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி வாலாஜாபாத் சாலையைப் பிடித்தேன். படப்பை தாண்டி நம் ஊருக்குத் திரும்பும் இடமே அடையாளம் தெரியவில்லை. புளியமரங்கள் போய்விட்டன. களத்துமேட்டில் நான்கு மாடிக் குடியிருப்பு, ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வாடகையில்தான் இன்று பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

வயிற்றைக் கலக்கியது பெரிய ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய். கங்கையம்மன் கோயிலுக்குப் பின்னால் புது மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள். கலர் கொடி கட்டி, செம்மண் கொட்டி, கால்வாயை மூடி மேலே தார்ச்சாலை. தண்ணீர் போக அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாய். கையிலிருந்த குடையை அதற்குள் நுழைத்து விரித்துப் பார்த்தேன். பாதிகூட விரியவில்லை. ஐப்பசி மழையில் அப்பா என் இடுப்பில் துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு தாண்ட வைத்த கால்வாய் அது.

விவசாயமே போன பிறகு கால்வாய் எதற்கு என்று குழுவில் சித்தப்பா கேட்டிருக்கிறார். சரிதான், சொர்ணவாரி, நவரை நெல் பட்டங்கள் போய் சம்பா மட்டும் நாலைந்து வீட்டில் நடக்கிறது. ஆனால் பயிர் நின்றதால் மழை நின்றுவிடுமா, சித்தப்பா? 2015 டிசம்பரில் நம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். முன்பு மிஞ்சிய தண்ணீரை வயல் வாங்கிக்கொண்டது. இப்போது அந்த வயலில் நம் அக்கா தங்கைகள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

நான் குடியிருக்கும் பொங்கோலும் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணையும் கம்பம் என்கிற கிராமக் குடியிருப்பும்தான். நகரமாக்கும்போது 4.2 கிலோமீட்டருக்குப் புதிதாக ஒரு நீர்வழியே வெட்டினார்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கிற கால்வாயையாவது நாம் காப்பாற்ற வேண்டாமா?

நிலத்தை விற்றவனுக்கு ஏரியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்கிறார் மேற்குத் தெரு அத்தான். விற்றேன். தங்கை கல்யாணத்துக்கு ஒன்றரை ஏக்கர் போனது. அதற்கு முன்னால் யாரிடம் கைமாற்றுக் கேட்டேன், என்ன பதில் வந்தது என்பது அவருக்கே தெரியும். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். ஆனால் கால்வாய் நான் விற்ற நிலம் இல்லை. வருவாய்த் துறையின் நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டில் இன்றும் புறம்போக்குதான், இணையத்திலேயே பார்த்தேன். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. மனுவைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே அலைய ஆள்தான் வேண்டும்.

அப்புறம், பொருளாளர் அண்ணா, வெள்ளத்துக்குப் பிறகு ஏரிக்கரையைப் பலப்படுத்த இங்கே தேக்காவில் கூடி வசூலித்தோமே, அந்தக் கணக்கு இன்னும் குழுவுக்கு வரவில்லை. உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மீதி இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

என் 200 வெள்ளியை இன்றே அனுப்புகிறேன். கால்வாயை அளந்து கல் நடுவதற்கும், வக்கீலுக்கும், பஞ்சாயத்து அனுமதி கிடைத்தால் பொக்லைன் வாடகைக்கும் அது போகட்டும். ஐப்பசிக்கு முன்னால் முடிய வேண்டும். வளைவைத் தை மாதத்துக்குப் பிறகு கட்டலாம், அதற்கும் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நில அளவைப் புலப்படத்தோடு காத்திருப்பேன். சித்தப்பா கட்டாயம் வர வேண்டும். அப்பாவோடு மதகு திறக்கப் போனவர்களில் இங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான். கால்வாய் எந்த இடத்தில் திரும்பும், எத்தனை முழம் அகலம் என்று அவரால்தான் கை வைத்துக் காட்ட முடியும்.

அன்புடன்,
வடக்குத் தெருவிலிருந்து உங்கள் தம்பி