காங்கயம் பக்கம் சைக்கிளில் போய் பழைய சாளைகளைப் படம் எடுப்பது எப்படி?

கிளுவைவேலி:
வணக்கமுங்க. ஆறு மாசமா ஞாயிறு விடியக்காலையில காங்கயத்துல இருந்து சைக்கிள்ல கிளம்பி, வெள்ளகோவில் ரோட்டுல போய், அங்கங்க மண் தடத்துல இறங்கிக் கொரங்காட்டையும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) பழைய சாளைகளையும் (தோட்டத்துக்குள்ள இருக்கற வீடு) படம் எடுக்கிறேன். கையில இருக்கறது போன் மட்டும்தான். எங்க அப்பாரு கட்டுன சாளையைப் போன தையில இடிச்சுட்டோம். அந்தக் கட்டுத்தரை, வாசல்ல கிடந்த கழுநீர்த் தாழி, எதுக்குமே ஒரு படம் இல்லை. அந்த வருத்தத்துல ஆரம்பிச்சது இது.

ஆனா படத்துல சாளை கறுப்பா விழுது, வானம் வெளுத்துப்போகுது. மண்சுவரோட சொரசொரப்பு தெரியறதே இல்லை. நேர்ல பார்க்கையில தொண்டையை அடைக்கிற இடம், படத்துல வெறும் இடிஞ்ச கொட்டகையா இருக்கு. என்ன பண்ணலாமுங்க?

மேகாத்து:
வெள்ளகோவில் கிழக்க இருக்கு. காலையில சூரியனைப் பார்த்துக்கிட்டே போறீங்க, அதுதான் கறுப்பா விழுது. திசையை மாத்துங்க. படியூர், கொடுவாய்ப் பக்கம் மேற்க போங்க, வெளிச்சம் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கும். இப்ப ஆடி, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எதிர்த்து அடிக்கும்தான். ஆனா விடியக்காலையில கொஞ்சம் அடங்கியிருக்கும், திரும்பி வரும்போது அதே காத்து தள்ளிவிடும்.

சொரசொரப்பு வேணும்னா வெயில் சுவரை உரசிக்கிட்டுப் போகணும். ஆடியில சூரியன் வடகிழக்குல உதிக்கும், காலையில வடபக்கச் சுவர்ல சாய்வா விழும். அப்ப மண்ணுல கலந்த வைக்கோல் துண்டுகூடத் தனித்தனியாத் தெரியும். மார்கழியில இது தென்பக்கச் சுவருக்கு மாறிடும். ஒரே சாளைக்கு ரெண்டு தடவை போங்க. போன்ல சுவரைத் தொட்டு வெளிச்சத்தை அளந்துட்டு எடுங்க, வானத்தைத் தொடாதீங்க. தடத்துப் புழுதி லென்ஸ்ல படிஞ்சிருக்கும், துடைச்சுக்குங்க.

ஓட்டுவீடு:
சாளையை மட்டும் தனியா வெட்டி எடுத்தா அது கொட்டகையாத்தான் தெரியும். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல ஒரு காங்கயம் மாடு, இதெல்லாம் சேர்ந்தாத்தான் கொரங்காடு.

பக்கத்துல பழைய கிணறு இருந்தா விட்டுடாதீங்க. கவலை ஓட்டுன காலத்துல, அதாவது மாடு பூட்டிக் கயித்துல தண்ணி இறைச்ச காலத்துல, மாடு இறங்கின சரிவு இன்னும் சில இடத்துல இருக்கு. மாடு எவ்வளவு தூரம் நடந்துச்சோ, அவ்வளவு கயிறு மேல வரும். அதனால சரிவோட நீளத்தைப் பார்த்தா அந்தக் காலத்துல தண்ணி எவ்வளவு ஆழத்துல கிடந்துச்சுன்னு ஓரளவு தெரியும். கிணத்து மேட்டையும் சரிவோட கடைசியையும் ஒரே படத்துல கொண்டுவாங்க. இதை நான் 4 கிணத்துல எடுத்திருக்கேன், 2 கிணத்தை மூடிட்டாங்க.

கூரை ஓடுகளையும் பாருங்க. கீழ விழுந்து கிடக்கிற சீமை ஓட்டைத் திருப்பினா ஆலைப் பேர் அச்சாகியிருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன்கிற கிறிஸ்தவ சபை ஓட்டாலை தொடங்கினது 1865-ல. ஓட்டுல அந்த வருஷம் இருந்தா வீடு அவ்வளவு பழசுன்னு எழுதிடாதீங்க, அது ஆலையோட வருஷம்.

தோட்டத்துக்காரி:
எங்க தோட்டத்துக்குள்ளயும் இப்படிப் படம் எடுக்க வர்றாங்க. வேலிப் படலுக்கு வெளியவே நின்னு ஒரு குரல் குடுங்க. போனை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி எந்த ஊரு, யாரு வீடுன்னு சொல்லுங்க. பெரியவங்க இருந்தா அவங்களே கூட்டிப்போய்க் காட்டுவாங்க. படத்தை ஒரு பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டுவந்து குடுங்க. எங்க மாமனாருக்கு அப்படி ஒருத்தர் குடுத்த படம் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு.

கிளுவைவேலி:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னிக்குக் கொடுவாய்ப் பக்கம் போனேன். படலுக்கு வெளிய நின்னு குரல் குடுத்தேன். ஒரு ஆத்தா வந்து, எங்க ஊரைக் கேட்டுட்டு, கிணத்து மேட்டுக்குக் கூட்டிப்போனாங்க. வாயோரக் கல்லுல கயிறு உரசி விழுந்த பள்ளத்துல விரலை வெச்சுக் காட்டினாங்க. முதல் கணு வரைக்கும் உள்ள போச்சு. அந்த விரலையும் கல்லையும் பக்கத்துல இருந்து எடுத்தேன், கல்லோட சொரசொரப்புகூடத் தெரியுது. அப்புறம் சரிவுல நடந்து பார்த்தேன், 24 தப்படி. கிணத்துல இப்பத் தண்ணி இல்லை.

சாளையை அடுத்த மாசம் பிரிக்கறாங்களாம். மார்கழி வரைக்கும் காத்திருக்க முடியாது, அதனால வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்கால வெயில்ல இன்னொரு தடவை போறேன். ஆத்தாவோட படத்தைப் பிரிண்டுக்குக் குடுத்திருக்கேன்.