போஸ்ட்கிரெஸ் உண்மையில் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது? டாப் காட்டும் எண்களைக் கூட்டலாமா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் 32 ஜிபி நினைவகம் கொண்ட லினக்ஸ் எந்திரம் ஒன்றில் போஸ்ட்கிரெஸ் 15 தரவுத்தளம் ஓடுகிறது. ஷேர்டு பஃபர்ஸ் (படித்த தரவை வைத்திருக்கும் பொது நினைவகம்) 8 ஜிபி, ஒர்க் மெம் (வரிசையாக்கம் போன்ற செயலுக்கான நினைவக வரம்பு) இயல்பான 4 எம்பி. ஹியூஜ் பேஜஸ் (வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கங்கள்) பயன்படுத்தவில்லை. பகலில் 220 இணைப்புகள் வரை திறந்திருக்கும். காலையில் திறந்து மாலை வரை மூடப்படாத இணைப்புகளுக்கு டாப் கட்டளையின் ரெஸ் நெடுவரிசை (ஒரு ப்ராசஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் அளவு) ஒவ்வொன்றுக்கும் 5 ஜிபி, 6 ஜிபி என்று காட்டுகிறது. எல்லா வரிகளையும் கூட்டினால் 700 ஜிபியைத் தாண்டுகிறது. ஆனால் அதே நேரத்தில் ஃப்ரீ கட்டளையோ இன்னும் 16 ஜிபி கிடைக்கும் என்கிறது.

அடுத்த மாதம் இணைப்புகளை 400 ஆக்க வேண்டியிருப்பதால், நினைவகத்தை 64 ஜிபியாக உயர்த்த விலைப்புள்ளி வாங்கும்படி மேலாளர் சொல்லியிருக்கிறார். ஓர் இணைப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் அவரிடம் எந்த எண்ணைக் காட்டுவது?

தரவுத்தச்சன்

வணக்கம். ரெஸ் எண்களைக் கூட்டவே கூடாது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ப்ராசஸ் ஒன்றைத் தொடங்குகிறது. ஷேர்டு பஃபர்ஸ் என்ற 8 ஜிபியோ எல்லா ப்ராசஸ்களுக்கும் பொதுவானது, நினைவகத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. ஒரு ப்ராசஸ் அந்தப் பொது இடத்தில் எந்தெந்தப் பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) தொட்டதோ அவையெல்லாம் அதன் ரெஸ் கணக்கில் ஏறிவிடும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் இணைப்பு மெல்ல மெல்லப் பெரும்பாலான பக்கங்களைத் தொட்டுவிடுவதால்தான் உங்களுக்கு 6 ஜிபி என்று தெரிகிறது. கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் ஒரே வீட்டைத் தன் வீடு என்று எழுதிக் கொடுத்தால், தெருவில் எத்தனை வீடு என்ற கணக்கு எப்படிப் பிழைபடுமோ அப்படித்தான் இதுவும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து, இணை வினவலை அந்த அமர்வில் நிறுத்திவிட்டு, ஏறத்தாழ ஒன்றரை ஜிபி அளவுள்ள அட்டவணையின் வரிகளை எண்ணச் சொல்லுங்கள். (2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டவணையை எடுக்காதீர்கள். ஷேர்டு பஃபர்ஸில் கால் பங்கைத் தாண்டும் அட்டவணையை முழுமையாகப் படிக்கும்போது போஸ்ட்கிரெஸ் 256 கேபி வளையம் ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் என்பதால் விளைவு தெரியாது.) இன்னொரு திரையில் ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆர்எஸ்எஸ் ஷ்மெம் என்ற வரி (ஆர்எஸ்எஸ் என்பது டாப் காட்டும் அதே ரெஸ்தான், இது அதில் பொது நினைவகத்தின் பங்கு) சில எம்பியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை ஏறும். ஆர்எஸ்எஸ் அனான் என்ற வரி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது வரிதான் அந்த இணைப்புக்கே உரிய நினைவகம். இந்தப் பிரிப்பு லினக்ஸ் 4.5 முதல் கிடைக்கிறது.

கூட்டத்தக்க எண் வேண்டுமென்றால் பிஎஸ்எஸ் பாருங்கள். ஒரு பக்கத்தைப் பத்து ப்ராசஸ்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் கணக்கிலும் பத்தில் ஒரு பங்கை மட்டும் அது சேர்க்கும் என்பதால் கூட்டுத்தொகை சரியாக வரும். லினக்ஸ் 4.14 முதல் ஸ்மேப்ஸ் ரோலப் என்ற கோப்பில் அது ஒரே வரியாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த ப்ராசஸின் பக்கங்களை நடந்து எண்ணுகிறது. 220 ப்ராசஸ்களுக்கு இதை நொடிக்கொரு முறை செய்யாதீர்கள்.

கயல்

மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் 400 இணைப்புகள் என்று நீங்கள் சொல்வதால் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: ஆர்எஸ்எஸ், பிஎஸ்எஸ் இரண்டிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது, அது பக்க அட்டவணை (எந்த நினைவகப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கெர்னல் வைத்திருக்கும் பட்டியல், தரவுத்தள அட்டவணை அல்ல).

பொது நினைவகம் ஒன்றுதான் என்றாலும், அதை எட்டுவதற்கான பக்க அட்டவணையை ஒவ்வொரு ப்ராசஸும் தனித்தனியே வைத்திருக்கிறது. 8 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 21 லட்சம் பக்கங்கள். பக்கத்துக்கு 8 பைட் என்றால் 16 எம்பி. எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிட்ட 220 இணைப்புகளுக்கு இது 3.4 ஜிபி வரை போகும். 400 இணைப்புகளுக்கு 6 ஜிபியைத் தாண்டும். ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பில் பேஜ் டேபிள்ஸ் என்ற வரியில் மொத்தமும், ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்பிடிஇ என்ற வரியில் ஒவ்வொரு ப்ராசஸின் அளவும் தெரியும்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இந்த வரியை யாரும் பார்க்கவில்லை. நினைவகம் தீர்ந்த ஓர் இரவில் கெர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றது. ஒரு ப்ராசஸ் அப்படிச் செத்தால், பொது நினைவகம் கெட்டிருக்கக்கூடும் என்று போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீண்டும் எழும். எங்களுக்கும் அதுவே நடந்தது. 2 எம்பி அளவுள்ள ஹியூஜ் பேஜஸ் வைத்தால் அதே 16 எம்பி வெறும் 32 கேபி ஆகிவிடும். நினைவகம் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

நடுநிசிப்பணி

ஹியூஜ் பேஜஸுக்கு மாறினால் அளக்கும் முறையையும் மாற்றுங்கள். அந்தப் பக்கங்கள் ஆர்எஸ்எஸ்ஸிலும் சேராது, பிஎஸ்எஸ்ஸிலும் சேராது. மாறிய அன்று உங்கள் வரைபடம் 8 ஜிபி இறங்கும். அதைச் சேமிப்பு என்று மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒதுக்கிய ஹியூஜ் பேஜஸ் அனைத்தையும், போஸ்ட்கிரெஸ் தொடாவிட்டாலும், ஃப்ரீ கட்டளை பயன்பாட்டில் உள்ளதாகவே காட்டும். எத்தனை ஒதுக்க வேண்டும் என்பதை 15ஆம் பதிப்பே சொல்லிவிடுகிறது: ஷேர்டு மெமரி சைஸ் இன் ஹியூஜ் பேஜஸ் என்ற அமைப்பின் மதிப்பைப் பாருங்கள்.

ஒர்க் மெம் என்பது இணைப்புக்கான வரம்பு அன்று. ஒரே வினவலில் உள்ள ஒவ்வொரு வரிசையாக்கமும் தனித்தனியே அந்த அளவை எடுத்துக்கொள்ளலாம். ஹாஷ் செயல்களுக்கு 15ஆம் பதிப்பில் அதைப்போல் இரு மடங்கு வரை அனுமதி உண்டு. எனவே அமைதியான நேரத்தில் அளந்து முடிவெடுக்காமல், மாத இறுதி அறிக்கைகள் ஓடும்போது அளந்து பாருங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாத இறுதி அறிக்கைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அளந்தேன். பொது நினைவகம் 8.2 ஜிபி, 220 இணைப்புகளின் ஆர்எஸ்எஸ் அனான் கூட்டுத்தொகை 3.1 ஜிபி, பக்க அட்டவணைகள் 2.4 ஜிபி, ஆக மொத்தம் 13.7 ஜிபி. இரவில் ஏறத்தாழ 4,200 ஹியூஜ் பேஜஸ் ஒதுக்கி மறுதொடக்கம் செய்தேன். இன்று அதே இணைப்புகளோடு பக்க அட்டவணைகள் 200 எம்பிக்கும் கீழே இருக்கின்றன. விலைப்புள்ளி கேட்பதை மேலாளர் நிறுத்திவைத்திருக்கிறார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெரும்பாலான இணைப்புகளின் ஆர்எஸ்எஸ் அனான் 10 எம்பி அளவில் இருக்க, மூன்று இணைப்புகள் மட்டும் தலா 300 எம்பி வைத்திருக்கின்றன. அவை எந்த வினவலையும் ஓட்டவில்லை.

தரவுத்தச்சன்

சூப்பர்யூசராக நுழைந்து, அந்த ப்ராசஸ் எண்களைக் கொடுத்து பிஜி லாக் பேக்எண்ட் மெமரி கான்டெக்ஸ்ட்ஸ் என்ற செயற்கூறை அழையுங்கள். 14ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. விவரம் வழங்கியின் பதிவுக் கோப்பில் விழும். கேஷ் மெமரி கான்டெக்ஸ்ட் என்ற வரி பெரிதாக இருந்தால், அந்த இணைப்புகள் ஆயிரக்கணக்கான அட்டவணைகளையோ பிரிவினைகளையோ தொட்டு, அவற்றின் விவரங்களை இணைப்பு மூடும்வரை சேர்த்து வைத்திருக்கின்றன என்று பொருள். அப்படியானால், பூலரில் (இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் நிரலில்) இணைப்பின் ஆயுளை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டு மறுபடி அளந்து எழுதுங்கள்.