உடம்பைப் பணயம் வைக்கிறதெல்லாம் கலையா?

கோபி: தன் உடம்பையே கலையா வச்சு நிகழ்த்துற செர்பிய கலைஞர் மெரினா அப்ரமோவிச் 1974ல இத்தாலி நேப்பிள்ஸ்ல பண்ணின 'ரிதம் ஜீரோ'ங்கிற நிகழ்ச்சிய பத்தி படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. மேஜைல 72 பொருள், ரோஜா, இறகு, தேன்ல இருந்து கத்தரிக்கோல், துப்பாக்கி, ஒரு தோட்டா வரைக்கும். ஆறு மணி நேரம் என்ன வேணா பண்ணிக்கோங்க, பொறுப்பு என்னோடதுன்னு எழுதி வச்சிட்டு அசையாம நிக்கிறாங்க. துணிய வெட்டினாங்க, கழுத்துல கீறினாங்க, தோட்டா போட்ட துப்பாக்கிய அவங்க கைலயே திணிச்சு கழுத்துக்கு நேரா வச்சாங்க. செத்திருந்தா என்ன சொல்லுவோம்?

மலர்: அண்ணா, முடிவ விட்டுட்டீங்களே. நேரம் முடிஞ்சு அவங்க கூட்டத்த பாத்து நடந்து வந்ததும் அத்தன பேரும் முகம் குடுக்க முடியாம ஓடிட்டாங்க. பஸ்ல இடிக்கிறவன் நாம திரும்பி கண்ண பாத்து முறைச்சா அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவான், அத அனுபவிச்ச எனக்கு இத படிச்சப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

கோபி: நீ சொல்ற வலி புரியுதும்மா. ஆனா உனக்கு ஏற்கனவே தெரிஞ்சத நிரூபிக்க இன்னொரு பொண்ணு ரத்தம் சிந்தணுமா? அமெரிக்க கலைஞர் கிறிஸ் பர்டன் 1971ல ஃப்ரெண்ட விட்டு தன் கைலயே சுட வச்சாரு, அதுக்கும் கலைன்னு பேரு.

ரஃபீக்: பர்டன் விஷயத்துல நான் கோபி பக்கம். ஆனா மத்திய அமெரிக்காவுல இருக்கிற குவாத்தமாலா நாட்டு கலைஞர் ரெஜினா ஹொசே காலிந்தோவ என்ன சொல்லுவீங்க? குவாத்தமாலாவ 1982-83ல ஆண்ட சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட், அவன் ஆட்சில மாயா பழங்குடி ஜனங்கள ஊர் ஊரா கொன்னாங்க, அந்த ஆளு 2003ல ஜனாதிபதி தேர்தல்ல நிக்கலாம்னு அரசியல் சாசன கோர்ட்டே சொல்லிடுச்சு. இந்தம்மா ஒரு பேசின்ல மனுஷ ரத்தம் எடுத்துக்கிட்டு, அதுல கால நனைச்சு நனைச்சு கோர்ட்டுல இருந்து தேசிய அரண்மனை வரைக்கும் ரோட்டுல தடம் பதிச்சே நடந்தாங்க. கோஷம் இல்ல, மேடை இல்ல. செத்தவங்கள மறந்துட்டு ஓட்டு கேக்க வந்தவனுக்கு இத விட நேரா எப்படி சொல்றது?

கோபி: இத முழு மனசோட ஒத்துக்கறேன். யாருக்காக நடக்கறாங்கன்னு தெரியுது, யார் கைலயும் ஆயுதம் குடுக்கல. அப்ரமோவிச் பாக்க வந்தவங்கள குற்றவாளியா ஆக்கிட்டாங்க.

மலர்: யாரும் ஆக்கல அண்ணா. அதே மேஜைல ரோஜாவும் இருந்துச்சு, எத எடுக்கறதுன்னு முடிவு பண்ணினது அவங்கதானே. துப்பாக்கிய பிடுங்கி எடுத்ததும் அதே கூட்டத்துல ஒருத்தர்தான்.

கோபி: அந்த ஒருத்தர் அன்னிக்கு வராம இருந்திருந்தா? இத கேட்டுட்டுதான் நான் முதல்ல இருந்து நிக்கறேன் மலர்.