ஃப்ரீ டிஷ் பழைய பாக்ஸ்ல சில சேனல் வரல, எம்பெக்-4க்கு எல்லாத்தையும் மாத்தணுமா?

தேனிச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல அம்மா அப்பா வீட்ல டிடி ஃப்ரீ டிஷ்தான், மாசாமாசம் காசு கட்ட வேணாம்னு பல வருஷமா அதையேதான் ஓட்டிட்டு இருக்காங்க. பாக்ஸ் ரொம்ப பழசு, பின்னாடி மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர் குத்துற ஓட்டைதான், எச்டிஎம்ஐ கிடையாது. பக்கத்து வீட்லயும் ஃப்ரீ டிஷ்தான், ஆனா அவங்களுக்கு வர்ற சில சேனல் எங்க வீட்ல எத்தன தடவ ஸ்கேன் போட்டாலும் லிஸ்ட்லயே இல்ல. கடைல கேட்டா டிஷ், எல்என்பி (டிஷ் முன்னாடி கம்பில மாட்டியிருக்கற சின்ன டப்பா), கேபிள், பாக்ஸ்னு மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க. நெஜமாவா? பென்டிரைவ்ல சாஃப்ட்வேர் ஏத்தினா சரியாகாதா? டிவியும் பழைய டப்பா டிவிதான்.

மொட்டைமாடி_டிஷ்:
சகோ, பாக்ஸ் மட்டும் மாத்துனா போதும், மத்ததுல கை வைக்காதீங்க. உங்க பாக்ஸ் எம்பெக்-2, அது வீடியோவ சுருக்கி அனுப்ப 90கள்ல வந்த முறை. நாம எம்பெக்-4னு சொல்றது எச்.264ங்கற புது சுருக்கு முறை, அது 2003ல வந்தது, அதே தரத்துல படம் காட்ட கிட்டத்தட்ட பாதி டேட்டா போதும், அதனால சேட்டிலைட்ல இருக்கற ஒரே டிரான்ஸ்பாண்டர்ல (சேனல்கள சேத்து கீழ அனுப்புற பாதை) இன்னும் நிறைய சேனல் அடைக்கலாம். அதுக்கு மேல அந்த சேனல்களுக்கு சிக்னல் அனுப்புற முறையும் டிவிபி-எஸ்ல இருந்து டிவிபி-எஸ்2ஆ மாறிடுச்சு, உங்க பாக்ஸ்ல சிக்னல் பிடிக்கற டியூனரால அதை பிடிக்கவே முடியாது, அதான் லிஸ்ட்லயே ஏறல. (சில பேருக்கு சத்தம் மட்டும் வந்து படம் கருப்பா நிக்கும், அங்க டியூனர் பிடிச்சிருச்சு, சுருக்கின வீடியோவ விரிக்கத்தான் பாக்ஸ் சிப்புக்கு தெரியல.) விரிக்கிற வேலைய செய்றது சிப், அதனால சாஃப்ட்வேர் ஏத்தி பிரயோஜனம் இல்ல. எல்என்பியோட வேலை மேல இருந்து வர்ற அலைவரிசைய குறைச்சு கேபிள்ல இறக்குறது மட்டும்தான், உள்ள எம்பெக்-2 வருதா 4 வருதான்னு அதுக்கு சம்பந்தமே இல்ல.

குமரிக்கரை:
மேல சொன்னது கரெக்ட். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், டிவிபி-எஸ்2ல 8பிஎஸ்கேல (ஒரே நேரத்துல கூடுதல் டேட்டா ஏத்தி அனுப்புற விதம்) வர்ற சேனலுக்கு சிக்னல் கொஞ்சம் சுத்தமா வேணும், பழைய பாக்ஸ்ல ஓரளவு குவாலிட்டிலயே ஓடின டிஷ் புது பாக்ஸ்ல கட்டம் கட்டமா உடையலாம். அப்படி ஆனா டிஷ்ஷ தூக்கி எறியாதீங்க, கேபிள் முனைல துரு இருக்கான்னு பாத்து புது கனெக்டர் போடுங்க, அப்புறம் மெனுல குவாலிட்டி மீட்டர வச்சு டிஷ்ஷ மெல்ல அசைச்சு நிறுத்துங்க. ஸ்ட்ரென்த்த பாக்காதீங்க, குவாலிட்டிதான் முக்கியம். ஃப்ரீ டிஷ் வர்ற சேட்டிலைட் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்குல இருக்கு, நம்ம ஊர்ல இருந்து டிஷ் தென்கிழக்கு பாத்து நல்லா நிமிந்து நிக்கும். சன் டைரக்டும் அந்த இடத்துல இருந்துதான் வருது, அதனால மாடில பழைய சன் டைரக்ட் டிஷ் 93.5ஐ பாத்து சும்மா நின்னா அதுலயே வயர குத்தி பாருங்க.

தேனிச்சாரல்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்போ எம்பெக்-2வ ஒரு நாள் மொத்தமா நிறுத்திட்டா இந்த பழைய பாக்ஸ் வச்சிருக்கறவங்க கதி?

மொட்டைமாடி_டிஷ்:
அதான் சகோ என் கவலையும். ஃப்ரீ டிஷ்ஷ நடத்துற பிரசார் பாரதி, சேனலுக்கான இடத்த, அதாவது ஸ்லாட்ட ஏலம் விடறப்ப எம்பெக்-2 தனி, எம்பெக்-4 தனி. பழைய பாக்ஸ் இருக்கற வீடுங்க அவ்வளவு இருக்கறதாலதான் தனியார் சேனல்ங்க இன்னும் எம்பெக்-2 ஸ்லாட்டுக்கு கோடிக்கணக்குல போட்டி போட்டு எடுக்குது. மாத்தறது நல்லதுதான், இடம் மிச்சம், படமும் தெளிவு, ஆனா ஃப்ரீ டிஷ் பாக்கறதே மாசம் இருநூறு முந்நூறு கட்ட முடியாத வீடுங்கதான், அவங்க கைல புது பாக்ஸ் போய் சேராம பழசை அணைக்கவே கூடாது.

குமரிக்கரை:
வாங்கறப்ப பெட்டி மேல டிவிபி-எஸ்2, எம்பெக்-4 ரெண்டும் போட்டிருக்கான்னு பாருங்க, அதுல பழைய எம்பெக்-2 சேனலும் வரும். டப்பா டிவிங்கறதால ஏவி அவுட் (அந்த மஞ்சள் வெள்ளை சிவப்பு வயருக்கான ஓட்டை) கண்டிப்பா இருக்கணும், சிலதுல எச்டிஎம்ஐ மட்டும்தான் வருது. எச்இவிசி (எம்பெக்-4க்கு அப்புறம் வந்த சுருக்கு முறை) பாக்ஸ்னு சொல்லி அதிகமா காசு கேட்டா ஃப்ரீ டிஷ்ஷுக்கு அது இப்ப தேவையில்ல. கடைலயே ஒரு டிவில மாட்டி படம் வர்றத பாத்துட்டு காசு குடுங்க.